நோய் தீராதபோதும் வலி தீரும்



“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.” இந்தச் சொல்லைக் கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. புற்றுநோய் முற்றிப்போன தந்தைக்காக ஒரு மகன் கேட்டிருப்பான். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன தாய்க்காக ஒரு மகள் கேட்டிருப்பாள். கேட்டதும் கை கால் ஓய்ந்துவிடுகிறது. பிறகு கோயிலுக்கு ஓடுகிறோம். சின்சேயிடமும் போமோவிடமும் ஓடுகிறோம். நகையை அடகு வைக்கிறோம். நோயாளியோ இரவெல்லாம் முனகிக்கொண்டே கிடக்கிறார். விதி என்று சொல்லி நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

நேயர்களே, அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. நோயைத் தீர்க்க வழியில்லாமல் இருக்கலாம். வலியைத் தணிக்க வழி உண்டு. மூச்சுத் திணறலைக் குறைக்க வழி உண்டு. குமட்டலுக்கும் புண்ணுக்கும் தூக்கமின்மைக்கும் வழி உண்டு. நோயாளியின் மனப் பயத்துக்கும், பக்கத்தில் இருந்து பார்ப்பவரின் சோர்வுக்கும்கூட வழி உண்டு. இவற்றை முறையாகக் கற்றுச் செய்கிற ஒரு மருத்துவத் துறையே இருக்கிறது. தமிழில் அதை நோய் தணிப்புப் பராமரிப்பு என்று சொல்லலாம். அரசாங்க மருத்துவமனைப் பலகைகளில் ‘பாலியாத்திஃப்’ என்று மலாயில் எழுதியிருக்கும். ‘ஹாஸ்பிஸ்’ என்ற பெயரையும் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தத் துறை எப்படிப் பிறந்தது, எந்தெந்த நாட்டு மனிதர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதை நம் வாசல்வரை கொண்டுவந்தார்கள், அதை வாங்கிக்கொள்ள நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். இந்தப் பராமரிப்பு சாகப்போகிறவருக்குக் கடைசி வாரத்தில் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடுமையான நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே, நோய்க்கான சிகிச்சையோடு சேர்த்தே இதைப் பெறலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு அதனுடன் நோய் தணிப்புப் பராமரிப்பையும் தொடக்கத்திலிருந்தே கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவினர் மனச் சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள். ஆயுளும் சற்று நீண்டது. முதற்பிரிவினரின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 9 மாதம். இவர்களுக்கோ ஏறத்தாழ 11 மாதமும் அரையும். ஆகவே இதை ஏற்பது நோயாளியைக் கைவிடுவதாகாது.

புற்றுநோய்க்கு மட்டும் உரியது என்பதும் தவறே. இருதயம் பலவீனப்பட்டவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், நுரையீரல் நோயால் மூச்சு வாங்குபவர்கள், பாரிசவாதம் வந்து படுத்தவர்கள், நினைவிழந்த முதியவர்கள், தீராத நோயுள்ள குழந்தைகள் எல்லாருக்கும் இது உரியது.

இனி, இது பிறந்த கதைக்கு வருவோம்.

1948-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் ஒரு மருத்துவமனையில் டேவிட் தாஸ்மா என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். போலந்து நாட்டு யூதர். உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாத அகதி. அவரைக் கவனித்த சமூகநலப் பணியாளர் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி. அவர் முன்பு தாதியாக இருந்தவர். வலியில்லாமல், தனிமையில்லாமல் ஒரு மனிதர் இறப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். தாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை அந்த அம்மையாருக்கு எழுதிவைத்து, நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு இறந்தார்.

அந்த ஜன்னலுக்குச் சுவர் எழுப்ப 19 ஆண்டுகள் ஆயின. தாதியின் பேச்சுக்கு மருத்துவர்கள் செவிசாய்க்க மாட்டார்கள் என்று அறிந்த சிசிலி அம்மையார், முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானார். 1967-இல் இலண்டனில் செயிண்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். இன்றைய நோய் தணிப்புப் பராமரிப்புக்கு அதுவே தாய்வீடு.

அந்த அம்மையார் கண்டறிந்து சொன்ன ஓர் உண்மையை நாம் அனைவரும் மனத்தில் வைக்க வேண்டும். நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை. நான்கு இடங்களில் இருக்கிறது. ஒன்று உடல்வலி. இரண்டு மனவலி, அதாவது பயமும் துக்கமும். மூன்றாவது குடும்பவலி: என் பிள்ளைகள் என்ன ஆவார்கள், வீட்டுக் கடனை யார் அடைப்பார்கள் என்ற கவலை. நான்காவது ஆன்மாவின் வலி: எனக்கு ஏன் இப்படி, நான் என்ன பாவம் செய்தேன் என்ற கேள்வி. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர் படுத்துக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதுகு வலிக்கிறது என்று சொல்லும்போது, திருமணமாகாத மகளை நினைத்த வேதனையும் அந்த முதுகில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆதலால் இந்தத் துறையில் மருத்துவர் தனியாக வேலை செய்வதில்லை. தாதி, மருந்தாளர், சமூகநலப் பணியாளர், சமயப் பெரியவர், குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்த ஒரு குழுவாகவே வேலை செய்கிறார்கள்.

இலண்டனில் ஏற்றிய விளக்கு அங்கேயே எரிந்து அணைந்திருக்கலாம். அணையாமல் பரவியதற்குக் காரணம், பிற நாட்டு மருத்துவர்களும் தாதியரும் அங்கே சென்று கற்றுத் திரும்பியதுதான். கனடா நாட்டு அறுவை மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1973-இல் அங்கே சென்று பார்த்தார். 1975-இல் மொன்றியால் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குள்ளேயே இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அந்த நகரத்தில் பேசப்படும் பிரெஞ்சு மொழியில் ‘ஹாஸ்பிஸ்’ என்றால் அனாதை விடுதி போன்ற பொருள் வந்ததால், ‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். இலத்தீன் மொழியில் போர்வை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது. குளிரை நிறுத்த முடியாவிட்டாலும் நடுங்குபவருக்குப் போர்த்திவிடலாம் அல்லவா? எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்.

அடுத்து உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டு வல்லுநர்களை ஒன்றுகூட்டி, 1986-இல் புற்றுநோய் வலியைத் தணிக்க ஒரு கையேடு வெளியிட்டது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாத எளிய முறை அது. அதன் முக்கிய விதிகள் மூன்று.

முதல் விதி: முடிந்தவரை வாய்வழியே மருந்து கொடுங்கள். ஊசி வேண்டாம். ஊசி வேண்டாமென்றால் நோயாளி மருத்துவமனையில் கிடக்க வேண்டியதில்லை. தம் வீட்டில் தம் கட்டிலில் இருக்கலாம்.

இரண்டாம் விதி: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். வலி வந்து துடித்த பிறகு கொடுப்பது தவறு. முந்தின மருந்தின் வேகம் குறைவதற்குள் அடுத்த வேளை மருந்து உள்ளே போய்விட வேண்டும்.

மூன்றாம் விதி: படிப்படியாக ஏறுங்கள். சிறிய வலிக்குப் பனடோல் போன்ற சாதாரண மருந்து. அதற்கு அடங்காவிட்டால் அடுத்த படி மருந்து. அதற்கும் அடங்காத கடும் வலிக்கு மார்பின்.

இரண்டாம் விதியின் அருமையை எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நான் நேரிலே கண்டேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தாள். விசாரித்தபோது, வயிற்றில் புற்றுநோய் வந்த தாத்தா இரவெல்லாம் அலறுவதால் வீட்டில் யாரும் தூங்குவதில்லை என்றாள். மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையில் கொடுத்த மார்பின் சிரப் சாமி மேடைக்குப் பக்கத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “ரொம்ப வலிக்கும்போது கொடுக்கலாம்னு வச்சிருக்கேன் சார். இப்பவே கொடுத்துட்டா அப்புறம் கேக்காதுன்னு சொல்றாங்க” என்றார் மருமகள். அவர்மேல் குற்றமில்லை. மாமனார்மேல் உள்ள அன்பினால்தான் மருந்தைச் சேமித்து வைத்திருந்தார். மறுநாள் வந்த வருகைத் தாதி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அக்கா, காலையில நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க ஆரம்பிங்க. வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க” என்று சொல்லி, நேரங்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பேத்திக்கும் கடிகாரம் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்த வாரக் கடைசியில் தாத்தா ஐந்தடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அதன் பிறகு ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரத்தில் மகனோடும் மகளோடும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தார். அலறிக்கொண்டிருந்தால் பேசியிருக்க முடியுமா?

அந்தத் தாதி சுவரில் ஒட்டிய காகிதம் எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இலண்டன் இல்லத்தில் கடைப்பிடித்துப் பார்த்த வழக்கம், உலக நிறுவனத்தின் விதியாகி, நம் நாட்டுத் தாதியின் பாடமாகி, ஒரு லயத்து வீட்டின் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது. நாடுகளுக்கிடையே மருத்துவர்களும் தாதியரும் கொள்ளும் தொழில்முறை ஒத்துழைப்பு என்று நாளேடுகளில் எழுதுவார்களே, அதன் பலன் இதுதான்.

இந்தப் பயணத்தில் நமது வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. ஆன் மெரிமன் என்ற மருத்துவர் 1980-களில் சிங்கப்பூரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். வீட்டிலேயே வலியோடு இறந்துகொண்டிருந்தவர்களைத் தொண்டர்களுடன் சென்று கவனித்தார். அந்த முயற்சியிலிருந்து 1989-இல் சிங்கப்பூரில் ஹாஸ்பிஸ் பராமரிப்புச் சங்கம் உருவாயிற்று. மார்பின் தூளைத் தண்ணீரில் கலந்து மலிவாக வாய்வழி மருந்து தயாரிக்கும் முறையை அவர் அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். 1993-இல் உகாண்டா நாட்டில் ஒரு ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அந்த நாட்டில் மருத்துவர்கள் மிகக் குறைவு. ஆகவே தனிப்பயிற்சி பெற்ற தாதியரும் மார்பின் எழுதிக்கொடுக்கலாம் என்று 2004-இல் உகாண்டா சட்டம் செய்தது. மருத்துவர் எட்டாத கிராமங்களுக்கும் அதனால் மருந்து எட்டியது. சிங்கப்பூரில் கைவந்த ஒரு பக்குவம் ஆப்பிரிக்கக் குடிசைகளில் வலியை ஆற்றியது என்றால், அது நமக்கும் பெருமையல்லவா?

கேரளத்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துத் தாதி கில்லி பர்ன் இந்தியாவுக்கு வந்து பல ஊர்களில் இதைக் கற்பித்தவர். ஆக்ஸ்போர்டு மருத்துவர் இராபர்ட் ட்விகிராஸ் இந்தியர்களுக்குப் பயிற்சியளித்தவர். ஆனால் கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளாமல், கேரளத்தார் தம் ஊருக்கு ஏற்ப மாற்றினார்கள். இங்கிலாந்தைப்போல் பெரிய இல்லங்கள் கட்ட அவர்களிடம் பணமில்லை. அக்கம்பக்கத்து மக்களைத் திரட்டினார்கள். கடைக்காரர், ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி எல்லாரும் பயிற்சி பெற்றுத் தம் தெருவில் படுத்திருப்பவரை முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கும் தாதிக்கும் தம்மிடையே சிறுசிறு தொகையாகப் பணம் சேர்த்தார்கள். 2008-இல் கேரள அரசாங்கம் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. இன்று பல நாட்டு மருத்துவர்கள் கேரளத்துக்கு வந்து கற்றுச் செல்கிறார்கள். மாணவர் ஆசிரியராகிவிட்டார்.

நம் மலேசியாவில் 1991-இல் கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா தொடங்கப்பட்டது. அதன் தாதியரும் மருத்துவர்களும் வீடு தேடிச் சென்று, கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். பினாங்கிலும் தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கிளை 1992-இல் இல்லம் தேடும் சேவையைத் தொடங்கியது. 1995-இல் சபாவின் கோத்தா கினபாலு மருத்துவமனையில் இதற்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு முதல் 2030 வரைக்குமான ஒரு தேசியத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு வகுத்திருக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் ஹாஸ்பிஸ் அமைப்புகளை இணைக்கும் ஒரு கூட்டமைப்பு 2001-இல் சிங்கப்பூரில் பதிவாயிற்று. அதன் ஏற்பாட்டில் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மருத்துவர்களும் தாதியரும் தம் விடுமுறையைச் செலவிட்டு இலங்கை, மியன்மார், வங்காளதேசம் ஆகிய நாடுகளுக்குச் சென்று பயிற்சியளித்திருக்கிறார்கள்.

நாடுகள் ஏன் ஒன்றுசேர வேண்டும்? ஒவ்வொரு நாடும் தன் நோயாளியைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். மார்பின் என்பது அபினிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அது எல்லை தாண்டுவதற்கு உலக ஒப்பந்தம் உண்டு. 1961-இல் செய்யப்பட்ட அந்த ஒப்பந்தம், இத்தகைய மருந்துகள் வலி தணிக்க இன்றியமையாதவை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. கடத்தலைத் தடுக்க வேண்டும், மருத்துவத்துக்குத் தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் பல நாடுகள் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. இந்தியா மருத்துவத்துக்கான அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கேயே 1985-இல் வந்த கடுமையான சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகளில் மார்பின் அருகிப்போயிற்று. விளைகிற நாட்டிலேயே நோயாளி வலியில் துடித்தார். இராஜகோபால் போன்ற மருத்துவர்களும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக வல்லுநர்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பாடுபட்டார்கள். 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே 2014-இல் உலகச் சுகாதாரப் பேரவையும் எல்லா நாடுகளும் இந்தப் பராமரிப்பைத் தம் மருத்துவ அமைப்பில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது.

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது என்றும், தேவைப்படுவோரில் நூற்றுக்குப் 14 பேருக்கே அது கிடைக்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு 2017-இல் இன்னொரு கணக்கு வெளியிட்டது. உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் மார்பின் வகை மருந்துகள் 298.5 டன் என்றால், மிக வறிய நாடுகளுக்குப் போய்ச் சேருவது 0.1 டன், அதாவது வெறும் 100 கிலோ. ஒரு பந்தியில் சிலர் இலையில் சோறு வழிய, பலர் இலை காய்ந்து கிடப்பதைப் போன்ற நிலை இது. நம் நாட்டிலும் பட்டணத்தில் இருப்பவருக்கு இந்தச் சேவை கிட்டுவது எளிது. உட்புறத் தோட்டத்தில் இருப்பவருக்கு அவ்வளவு எளிதல்ல.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். மருந்து நாட்டுக்குள் வந்தாலும், நம் மனத்திலுள்ள பயம் அதை நோயாளியின் வாய்க்குள் போகவிடுவதில்லை. மார்பின் என்றதும் போதைப்பொருள் என்கிறோம். மருத்துவர் வலிக்காக அளந்து கொடுக்கும் மார்பினால் நோயாளி போதைக்கு அடிமையாவது அரிது. சரியான அளவில் கொடுக்கப்படும் மார்பின் உயிரைச் சீக்கிரம் கொண்டுபோவதும் இல்லை. இப்போதே கொடுத்தால் பிறகு கேட்காது என்பதும் வீண் பயமே. தேவைப்பட்டால் மருத்துவர் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் சில நாள்களில் மயக்கமும் குமட்டலும் வரலாம்; பெரும்பாலும் தாமே குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது. ஆகையால் மலமிளக்கும் மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் குடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிஞ்சியதை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துச் சொல்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர் ஆகிய நால்வகை அவை. நான்காவதையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தார் பாருங்கள். உலகத்து வல்லுநர்கள் எவ்வளவு பாடுபட்டாலும் கடைசியில் மருந்தைக் கரண்டியில் ஊற்றுகிற கை உங்கள் கைதான். அந்தக் கை தயங்கினால் இலண்டனிலிருந்து வந்த சங்கிலி உங்கள் வீட்டு வாசலில் அறுந்துபோகும்.

அந்தக் கை வேறு என்ன செய்யலாம்? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வருவது குறையும். வாய் உலரும்போது ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடலாம். கடைசி நாள்களில் பசி குறைவது இயற்கை. சாப்பிடவில்லையே என்று வாயைத் திறந்து ஊட்டாதீர்கள், புரையேறும். அவர் விரும்புகிற ஒரு வாய் போதும். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கக்கூடும். ஆகவே அன்பாகவே பேசுங்கள்.

இன்னொன்று. நோயின் உண்மையை நோயாளியிடம் மறைப்பது நம் குடும்பங்களில் பெரிய வழக்கம். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்கிறோம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அவர் நமக்காக நடிக்கிறார்; நாம் அவருக்காக நடிக்கிறோம். இருவரும் தனித்தனியே அழுகிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மெல்லக் கேளுங்கள். மருத்துவரும் தாதியும் அதற்குத் துணையிருப்பார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, நம் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் முற்றினால் என்ன செய்வது? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் அமைதியாக இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். இந்த மருத்துவமனையில் பாலியாத்திஃப் பிரிவு உண்டா, எங்களை அங்கே எழுதி அனுப்புவீர்களா? வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒரு தடவை? இரவில் மோசமானால் எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்வது? வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியர் எங்கள் பகுதியில் உண்டா, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் யாரைக் கேட்பது? மருந்து தீர்ந்தால் எங்கே வாங்குவது? பதிலை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மலாயில் பேசத் தயங்கும் பெரியவர்கள், படிக்கிற பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். இது கெஞ்சிக் கேட்கும் சலுகை என்று நினைக்காதீர்கள்; நோயாளிக்கு உரிய சிகிச்சை.

கடைசியாகத் தோட்டத்து இளைஞர்களுக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் மாதர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கூடுகிறோம். பந்தல் போடுகிறோம், பாடை கட்டுகிறோம், மூன்று நாள் சமைத்துப் போடுகிறோம். இந்த ஒற்றுமை வேறு இடங்களில் காண முடியாதது. ஆனால் அதே மனிதர் ஆறு மாதம் உயிரோடு படுத்துக் கிடந்தபோது அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் போனோம்? பார்த்துக்கொண்ட மனைவி ஒரு நாள் நிம்மதியாகத் தூங்குவதற்கு, ஒரு மாலை நேரம் அவருக்குப் பதிலாக யார் உட்கார்ந்தோம்? பந்தலுக்குக் கூடும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னதாகவே கூடினால் போதும். ஒருவர் மருந்து வாங்கிவரலாம். ஒருவர் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடலாம். ஒருவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசலாம். கேரளத்து மக்கள் செய்தது இதைத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ், நோய் தணிப்புப் பராமரிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளையொட்டி உங்கள் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ ஒரு தாதியை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். அன்று கேட்டுவைத்தது என்றாவது ஒரு நள்ளிரவில், ஒரு பெரியவரின் முனகலைக் கேட்டு விழித்தெழும் ஒரு மகளுக்குக் கைகொடுக்கும்.